க்ளோக் கட்டிக்கிட்டு சண்டை போடுவது எப்படி? லார்ப் உடைகளுக்குள் இருக்கும் இன்ஜினியரிங்

மக்களே, பாடத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சம்பவம்.

போன வருஷம் கல்ச்சுரல்ஸுக்கு எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு சரித்திர நாடகம் போட்டோம். எனக்குத் தளபதி வேஷம். "தளபதின்னா முதுகுல சிவப்புப் போர்வை பறக்கணும்டா, அப்பதான் கெத்து" என்று இயக்குநர் (என் ரூம்மேட் தான்) சொல்லிவிட்டான். பட்ஜெட் கிடையாது. அதனால் ஒரு ஹாஸ்டல் பெட்ஷீட், இரண்டு முனையிலும் ஓட்டை, அதில் ஷூ லேஸ் கோத்து கழுத்தில் ஒரு முடிச்சு. கண்ணாடியில் பார்த்தால் நிஜமாகவே கெத்தாகத்தான் இருந்தது.

மூன்றாவது ரிகர்சல். வாளை நீட்டிக்கொண்டு நான் முன்னால் பாய வேண்டும். பாய்ந்தேன். எனக்குப் பின்னால் நின்ற சிப்பாய், போர்வையின் நுனிமேல் நின்றுகொண்டிருந்தான். அது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உடம்பு முன்னால் போனது, கழுத்து போகவில்லை. மல்லாக்க விழுந்தேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பேச்சே வரவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. முடிச்சு இறுகிப்போய் அவிழ்க்க முடியாமல், கத்தரிக்கோல் தேடி ஓடினார்கள். ஒரு நிமிஷத்தில் மூச்சு சரியானது. தொண்டையில் சிவப்புக் கோடு மட்டும் ஒரு வாரம் இருந்தது.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. உலகத்துல இப்படிப் போர்வை கட்டிக்கிட்டு நிஜமாவே ஓடி, குதிச்சு, சண்டை போடுறவங்க யாராவது இருக்காங்களா? இருந்தா அவங்க கழுத்து எப்படித் தப்பிக்குது? தேடிப் பார்த்தேன். இருக்காங்க, ஆயிரக்கணக்கில். அவங்களிடமிருந்து கற்றுக்கொண்டதும், நானே செய்து பார்த்து ஏமாந்ததும்தான் இந்தக் கட்டுரை.

லார்ப் என்றால் என்ன?

கம்ப்யூட்டர்ல ஆர்பிஜி கேம் ஆடியிருப்பீங்க. ஒரு கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அதுவாகவே கதைக்குள் போவது. அதையே திரை இல்லாமல், நிஜக் காட்டிலும் புல்வெளியிலும், நிஜ உடம்போடு ஆடினால் அதுதான் லைவ் ஆக்‌ஷன் ரோல் பிளேயிங். சுருக்கமா லார்ப்.

அமெரிக்காவில் 1977-ல் தொடங்கிய டாகோர்ஹிர் இதில் பழைய குழுக்களில் ஒன்று. இங்கிலாந்தில் 1982-ல் செஷயர் பகுதியிலுள்ள பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் 'ட்ரெஷர் ட்ராப்' என்ற விளையாட்டு ஆரம்பமானது. இன்றைக்கு ஜெர்மனியில் ப்ரோக்லோ என்ற ஊருக்குப் பக்கத்தில் நடக்கும் 'கான்குவெஸ்ட் ஆஃப் மித்தோடியா', டீமெல்ஸ்டாட்டில் நடக்கும் 'ட்ராகன்ஃபெஸ்ட்' இரண்டுக்கும் ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கானோர் கூடாரம் போட்டுத் தங்கி, நாள்கணக்கில் ஆடுகிறார்கள்.

வாள் நிஜ வாள் கிடையாது. நடுவில் ஃபைபர் கிளாஸ் கம்பி, அதைச் சுற்றி ஃபோம், மேலே ரப்பர் மாதிரியான லேடெக்ஸ் பூச்சு. நுனிப் பகுதியில் கம்பி இருக்காது, வெறும் ஃபோம் தான். அடிக்கும்போது கையை அடக்கித் தொட்டுவிட்டு எடுக்க வேண்டும். பல குழுக்களில் தலையும் தொண்டையும் அடிக்கக் கூடாத இடங்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. வாளுக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நாங்களும் அட்டை வாளின் நுனியைத் துணி சுற்றி மழுக்கித்தான் வைத்திருந்தோம். ஆனால் என் தொண்டையை நெரித்தது வாள் இல்லை, நான் உடுத்தியிருந்த துணி. ஆயுதத்தைச் சோதித்த நாங்கள் உடையைச் சோதிக்கவே இல்லை.

எதுக்கு க்ளோக்?

க்ளோக் என்றால் கை இல்லாமல், தோளில் மாட்டி முதுகுப் பக்கம் தொங்கவிடும் பெரிய போர்வை. இடுப்போடு நின்றுவிடும் குட்டி ரகத்தை கேப் என்பார்கள்.

சினிமாவில் அது வெறும் கெத்து. லார்ப் ஆடுகிறவர்களுக்கு அது வேலைக்கு ஆகும் பொருள். ஐரோப்பாவில் கோடையில்கூட திடீர் மழை வரும், ராத்திரி குளிரும். மழைக்கு ரெயின்கோட், தூங்கும்போது போர்வை, உட்காரும்போது பாய், எல்லாம் அந்த ஒரே துணிதான். பகலெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், திடீரென்று எதிரி வந்தால் அதோடுதான் ஓட வேண்டும். அதனால்தான் "பார்க்க நல்லா இருக்கா?" என்பதை விட "இதோட ஓட முடியுமா?" என்ற கேள்வி அங்கே முக்கியம்.

அனுபவசாலிகளின் முதல் யோசனை ரொம்ப எளிது: சண்டை வரும் என்று தெரிந்தால் கழட்டி ஓரமா வை. அதற்கு, ஒரு கையால் சட்டென்று கழட்டும்படி அது இருக்க வேண்டும். என் ஷூ லேஸ் முடிச்சு இந்த முதல் பரீட்சையிலேயே ஃபெயில்.

கழுத்தில் என்ன நடக்கிறது? ஒரு சின்னக் கணக்கு

ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் போதும். என் எடை 65 கிலோ. பாயும்போது வேகம் விநாடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உந்தம் 195 நியூட்டன் விநாடி. துணி நழுவாமல் மாட்டிக்கொண்டு, அந்த ஓட்டம் 0.2 விநாடியில் நின்றால், சராசரி விசை 195 வகுத்தல் 0.2, அதாவது 975 நியூட்டன். கிட்டத்தட்ட 100 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. அது மொத்தமும் அரை சென்டிமீட்டர் அகல லேஸ் வழியாகத் தொண்டையில் இறங்குகிறது.

இது மோசமான நிலைமைக்கான கணக்கு. நிஜத்தில் துணி கொஞ்சம் நழுவும், கிழியும், மிதித்தவனும் தடுமாறுவான். எனக்கு அப்படி நழுவியதால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நழுவும் என்று நம்பி டிசைன் பண்ண முடியாது.

நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927 செப்டம்பர் 14 அன்று பிரான்சின் நீஸ் நகரத்தில் இறந்தது இப்படித்தான். திறந்த காரில் போனபோது, கழுத்தில் சுற்றியிருந்த நீளமான ஸ்கார்ஃப் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. 2004-ல் வந்த 'தி இன்க்ரெடிபிள்ஸ்' படத்தில் சூப்பர் ஹீரோக்களுக்கு உடை தைக்கும் எட்னா மோட் கேப் வைக்க மறுப்பதை காமெடியாகப் பார்த்திருப்போம். காரணம் என்னவோ சீரியஸ்தான்.

நமக்கும் இது புதுசு இல்லை. பைக்கில் பின்னால் உட்கார்பவரின் துப்பட்டாவும் சேலை முந்தானையும் சக்கரத்தில் மாட்டாமலிருக்கத்தான் சாரி கார்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல், 123-ஆவது விதி அதைக் கட்டாயமாக்குகிறது. ஒர்க்‌ஷாப் லேபில் லேத் முன்னாடி நிற்கும்போது சட்டையை இன் பண்ணச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். தொங்கும் துணி, அசையும் பொருள், நடுவில் கழுத்து. மூன்றும் ஒரே கணக்கு.

பழைய காலத்து வீரர்கள் என்ன செய்தார்கள்?

கிரேக்கர்களின் க்ளாமிஸ், ரோமானியப் படைவீரர்களின் சாகம் இரண்டும் செவ்வக வடிவத்திலான எளிய போர்வைகள். இரண்டையும் வழக்கமாக வலது தோளில் ஒரு ஊக்கு போட்டு மாட்டுவார்கள். போர்வையின் திறப்பு வலது பக்கம் வந்துவிடும், வாள் பிடிக்கும் கை முழுசா வெளியே. பாரம் தோளில் உட்காரும், தொண்டைக்குக் குறுக்கே கயிறு கிடையாது. இத்தாலியில் ராவென்னா நகரத்து சான் விட்டாலே தேவாலயத்தில், 6-ஆம் நூற்றாண்டு மொசைக்கில் பேரரசர் ஜஸ்டினியனின் மேலாடையும் வலது தோளில்தான் குத்தப்பட்டிருக்கிறது.

16-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் கேப்பையே ஆயுதமாக்கினார்கள். 1536-ல் வெளிவந்த அகில்லே மரோட்சோவின் வாள்வித்தை நூலிலும், 1570-ல் வந்த ஜாகொமோ தி கிராஸியின் நூலிலும் ஒரு கையில் வாள், மறு கையில் சுற்றிய கேப் என்று தனிப் பாடமே இருக்கிறது. கவனிங்க, சண்டை வந்ததும் அவர்கள் கேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்கள்.

உள்ளே கத்தியை மறைக்கவும் க்ளோக் வசதி. அதனாலேயே 1766 மார்ச்சில் ஸ்பெயின் அரசர் மூன்றாம் கார்லோஸின் அமைச்சர் எஸ்கிலாச்சே, மாட்ரிட்டில் நீளமான கேப்புக்கும் அகலத் தொப்பிக்கும் தடை போட்டார். ஊரே கலவரத்தில் இறங்கியது. கடைசியில் அமைச்சர்தான் நாட்டை விட்டுப் போனார்.

லார்ப்பில் கேப்பைச் சுழற்றி எதிராளியின் வாளைத் தடுக்கலாமா? பெரும்பாலும் விட மாட்டார்கள். துணியில் பட்ட அடி உடம்பில் பட்டதா இல்லையா என்று தெரியாமல் வாக்குவாதம் வரும். சுழலும் துணி முகத்தில் பட்டால் ஒரு நொடி கண் தெரியாது. ஒருவர் விளையாட்டு மற்றவர் கண்ணில் போய் முடியும்.

தீர்வு 1: பாரத்தைக் கழுத்திலிருந்து இறக்கு

பழைய பிரிட்டிஷ் நர்ஸ்களின் படம் பார்த்தால், கேப்பின் முன்னால் மார்பில் குறுக்கே எக்ஸ் மாதிரி இரண்டு பட்டைகள் தெரியும். அதேதான் இங்கேயும். க்ளோக்கின் உள்பக்கம், இரண்டு தோளிலும் நாலைந்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒவ்வொரு நாடாவைத் தைக்க வேண்டும். வலது தோள் நாடா மார்பைக் கடந்து இடது அக்குளுக்குக் கீழே போகும், இடது நாடா வலது பக்கம். பின்னால் போய் க்ளோக்கின் உள்பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளும். கழுத்தில் ஒன்றுமே இருக்காது. யாராவது இழுத்தால் இழுவை மார்புக்கூட்டிலும் தோளிலும் பரவும். ஸ்கூல் பேக் மாட்டுகிற அதே லாஜிக்.

இன்னொரு எளிய வழி, உள்ளே போடும் சட்டை அல்லது கவசத்தின் இரண்டு தோள்களிலும் க்ளோக்கை நேரடியாக மாட்டிவிடுவது. நாடகத்துக்கு இதுதான் வசதி.

தீர்வு 2: எங்கே அறுந்து போக வேண்டும் என்று நீயே முடிவு பண்ணு

நாடா போட்டால் தொண்டை தப்பிக்கும். ஆனால் ஆள் இன்னும் மல்லாக்க விழுவான். அதனால் ஒரு குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் க்ளோக் தானாகவே கழண்டு விழ வேண்டும். எலக்ட்ரிக்கல் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம், இது ஃபியூஸ். நம்ம காலேஜ் ஐடி கார்டு டேக் சிலதில் பின்கழுத்துப் பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் க்ளிப் இருக்கும், இழுத்தால் பிரிந்துவிடும். அதுவும் இதே ஐடியாதான்.

இங்கேதான் நான் இரண்டாவது தடவை ஏமாந்தேன். "வெல்க்ரோ ஒட்டிட்டா போதும்டா, இழுத்தா பிச்சுக்கும்" என்று நினைத்து, இரண்டு தோளிலும் உள்ளங்கை அகலத்துக்கு வெல்க்ரோ தைத்தேன். இந்த முறை என் கழுத்தில் சோதிக்கவில்லை. ஒரு நாற்காலியின் முதுகில் சட்டையைப் போட்டு, க்ளோக்கை மாட்டி, கீழ் ஓரத்தில் ஸ்பிரிங் பேலன்ஸைக் கொக்கி போட்டு இழுத்தேன். முள் 10 கிலோ தாண்டியும் வெல்க்ரோ அசையவில்லை. நாற்காலிதான் சாய்ந்தது.

காரணம் யோசித்தால் புரியும். வெல்க்ரோவை ஓரத்திலிருந்து உரித்தால் ஒவ்வொரு வரிசைக் கொக்கியாகக் கழலும், கொஞ்சம் விசை போதும். ஆனால் ஒட்டிய பரப்புக்கு இணையாக இழுத்தால் எல்லாக் கொக்கியும் ஒரே நேரத்தில் எதிர்க்கும். தோளில் படுக்கையாகத் தைத்த வெல்க்ரோவை க்ளோக் பின்னால் இழுக்கும்போது நடப்பது இரண்டாவது. மெட்டீரியல்ஸ் பேப்பரில் எழுதிய ஷியர், பீல் வித்தியாசம் என் தோளிலேயே இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. காந்தம் இதற்கு நேர் எதிர். நேராகப் பிரிக்க இழுத்தால் நன்றாகப் பிடிக்கும், பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஆகவே எதைப் போடுகிறோம் என்பதோடு, எந்தத் திசையில் இழுபடும் என்பதும் முக்கியம். கடைசியில் நான் போட்டது ஒவ்வொரு தோளிலும் இரண்டு பிரஸ் பட்டன். பட்டன் இருக்கும் துணியை ஒரு மடிப்பு மடித்துத் தைத்து, இழுவை வந்தால் உரியும் திசையில் திறக்கும்படி வைத்தேன்.

எவ்வளவு விசையில் திறக்க வேண்டும்? என் க்ளோக் எடை சுமார் ஒரு கிலோ, அதாவது 10 நியூட்டன். ஓடும்போது குலுங்குவதால் அதைப் போல் மூன்று மடங்கு வரை வரலாம் என்று எடுத்துக்கொண்டேன். ஆகவே 30 நியூட்டன் வரை தாங்கணும், 50 தாண்டுவதற்குள் திறந்துவிடணும். இது நான் வைத்துக்கொண்ட வரம்பு. உங்கள் க்ளோக்கின் எடையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அளக்காமல் விடாதீர்கள்.

அலங்காரத்துக்கு ஊக்கோ பதக்கமோ வேண்டும் என்றால், பட்டனுக்கு மேலே சும்மா தைத்துக்கொள்ளலாம். கூர்மையான முனை மட்டும் கூடாது. அது ஆளையும் குத்தும், லேடெக்ஸ் வாளையும் கிழிக்கும்.

வெட்டும் கணக்கு

நல்ல க்ளோக் செவ்வகத் துணியை விட வட்டத் துணியில் அழகாக விழும். அரை வட்டமா, முழு வட்டமா என்பதுதான் கேள்வி.

உயரம் 170 செ.மீ. உள்ள ஒருவருக்குக் கழுத்தடி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் இருக்கும். க்ளோக் கெண்டைக்கால் நடுவோடு நிற்க 110 செ.மீ. நீளம் வேண்டும். கழுத்துத் திறப்பின் சுற்றளவு 44 செ.மீ. என்று வைப்போம்.

அரை வட்டத்தில் அந்த 44-ஐ பையால் வகுத்தால் கழுத்தின் ஆரம் 14 செ.மீ. வெளி ஆரம் 14 கூட்டல் 110, மொத்தம் 124 செ.மீ. பரப்பு சுமார் 2.4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 400 கிராம் எடையுள்ள துணி என்றால் க்ளோக்கின் எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. கீழ் ஓரத்தின் நீளம் 3.9 மீட்டர். ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் இரண்டரை மீட்டர் வாங்கினால் போதும்.

அதே நீளத்தில் முழு வட்டம் என்றால் கழுத்தின் ஆரம் 7, வெளி ஆரம் 117. பரப்பு சுமார் 4.3 சதுர மீட்டர், எடை 1.7 கிலோ, ஓரம் 7.3 மீட்டருக்கு மேல். தரை வரைக்கும் இறக்கினால் எடை 2.9 கிலோ ஆகிவிடும்.

அதாவது முழு வட்டத்தில் மற்றவர் மிதிக்கக்கூடிய ஓரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. போட்டோவுக்கு முழு வட்டம், தரை நீளம். சண்டைக்கு அரை வட்டம், கெண்டைக்கால் நீளம். என் பெட்ஷீட் தரையில் ஒரு சாண் புரண்டது. அந்த ஒரு சாணில்தான் சிப்பாய் நின்றான்.

தையலில் ஒரு டிப்ஸ்: வட்டமாக வெட்டிய துணியில் சில இடங்கள் நூலுக்குக் குறுக்காக, கிராஸாக வரும். அந்த இடம் மட்டும் தன் எடையிலேயே நீளும். அதனால் வெட்டியதும் ஓரம் அடிக்காதீர்கள். ஒருநாள் தொங்கவிட்டு, நீண்ட இடத்தைச் சமமாக நறுக்கி, அப்புறம் மடித்து அடியுங்கள்.

துணியும் தீயும்

லார்ப்பில் பலரும் விரும்புவது கெட்டியான கம்பளி. கம்பளி நூல் தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. பருத்தி அப்படியில்லை. நன்றாக நனைந்தால் தன் எடைக்கு மேல் தண்ணீர் குடித்துவிடும், ஒரு கிலோ க்ளோக் இரண்டு கிலோ ஆகும், குளிரும் ஏறும்.

இதை விட முக்கியமானது தீ. முகாம்களில் ராத்திரி விறகு மூட்டிச் சுற்றி உட்காருவார்கள். ஒரு பொருள் எரிந்துகொண்டே இருக்கக் காற்றில் குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. பருத்திக்கு அது ஏறக்குறைய 18, கம்பளிக்கு 25. காற்றில் இருப்பது 21. அதனால்தான் பருத்தி பற்றிக்கொண்டால் நிற்காமல் எரியும், கம்பளி நெருப்பிலிருந்து எடுத்ததும் பெரும்பாலும் தானே அணைந்து கரியாகும். பாலியஸ்டருக்கு இந்த எண் 20, 21 பக்கம் வந்தாலும் அதன் ஆபத்து வேறு: சுமார் 260 டிகிரியில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

நம்ம ஊர் மேடையில் விறகு கிடையாது. ஆனால் குத்துவிளக்கு இருக்கும். பளபளக்கும் சாட்டின் க்ளோக்கோடு விளக்குப் பக்கம் திரும்பி நிற்காதீர்கள். கம்பளி நமக்கு சரிப்படாது, ஐந்து நிமிஷத்தில் வேர்த்து ஊற்றும். பவானி ஜமுக்காளம் கெட்டியா இருக்கேன்னு போர்த்திக்கவும் முடியாது, சுமந்துகொண்டு ஓட ஆள் வேண்டும். கொஞ்சம் கனமான கைத்தறிப் பருத்தி எடுத்து, நெருப்பு இருக்கும் காட்சியில் அதைக் கழட்டி வைத்துவிடுவதுதான் சரி.

க்ளோக் மட்டும் இல்லை

தலைமூடி: க்ளோக்கோடு சேர்த்துத் தைத்த ஆழமான தலைமூடி பார்க்க மர்மமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் வருவது தெரியாது. ஓடினால் கண்ணை மூடும், இழுத்தால் கழுத்தையும் சேர்த்து இழுக்கும். ஜெர்மனியில் பலர் கூகெல் என்ற தனித் தலைமூடியைப் போடுகிறார்கள். தோள் வரைக்கும் மட்டும் வரும், சண்டை வந்தால் பின்னால் தள்ளிவிடலாம்.

கை: சாதாரணமாகத் தைத்த அங்கியில் கையைத் தூக்கினால் மொத்த அங்கியும் மேலே ஏறும், இல்லாவிட்டால் அக்குளில் கிழியும். அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் கை தாராளமாகச் சுழலும். அகலமாகத் தொங்கும் மந்திரவாதி கை, வாள் பிடியில் மாட்டும். முழங்கையோடு நிறுத்துங்கள்.

அங்கி: கணுக்கால் வரை தொங்கினால் முன்னும் பின்னும் முழங்கால் உயரத்துக்குப் பிளவு விடுங்கள், அல்லது பக்கத்தில் முக்கோணத் துணி சேர்த்து அகலமாக்குங்கள்.

இடுப்பு: இரும்பு வளையச் சட்டை ஒன்று சுமார் 10 கிலோ வரும். அதன் மேல் இறுக்கமாக பெல்ட் கட்டினால், பெல்ட்டுக்குக் கீழே உள்ள எடையை இடுப்பு எடுத்துக்கொள்ளும், தோளுக்குப் பாரம் குறையும். பெல்ட்டில் தொங்கும் பை, குடுவை எல்லாம் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுத் தண்டுக்கு நேராக எதையும் வைக்காதீர்கள், விழுந்தால் அதன் மேல்தான் விழுவீர்கள்.

கால்: உடைக்குப் பொருந்தவில்லை என்றாலும் பிடிமானம் உள்ள ஷூ போடுங்கள். மேல் துணியைச் சுற்றி மறைத்துக்கொள்ளலாம்.

மேடைக்கோ மைதானத்துக்கோ போகும் முன் ஏழு சோதனை

1. முழு உடையோடு பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். கிழிவதென்றால் இப்பவே கிழியட்டும்.
2. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றுங்கள்.
3. 50 மீட்டர் ஓடி, சட்டென்று நின்று திரும்புங்கள். க்ளோக் கால்களுக்கு நடுவில் சுற்றினால் நீளம் அதிகம்.
4. படிக்கட்டில் ஏறி இறங்குங்கள். உங்கள் ஓரத்தை நீங்களே மிதித்தால் இன்னும் குறையுங்கள்.
5. நேராகப் பார்த்தபடி நின்று, இரண்டு பக்கமும் நண்பர்களை நிற்க வையுங்கள். தலை திருப்பாமல் அவர்கள் கை அசைவது தெரிய வேண்டும்.
6. ஒரு கையால் க்ளோக்கைக் கழட்டுங்கள். மூன்று எண்ணுவதற்குள் கீழே விழ வேண்டும்.
7. இழுவைச் சோதனை. இது நாற்காலியில் மட்டும், ஆள்மேல் கூடவே கூடாது. பின்னால், பக்கவாட்டில், கீழ்நோக்கி என்று மூன்று திசையிலும் ஸ்பிரிங் பேலன்ஸால் இழுத்து அளவைக் குறித்து வையுங்கள்.

கடைசியா

நாடகம் நடந்தது. பெட்ஷீட்டுக்குப் பதில் அரை வட்டமாக வெட்டிய சிவப்புக் கைத்தறித் துணி, கெண்டைக்கால் நீளம், நாலு பிரஸ் பட்டன். இரண்டாவது சண்டையில் யாரோ ஓரத்தை மிதித்தார்கள். டப்பென்று இடது தோள் பட்டன் திறந்தது, க்ளோக் ஒரு பக்கமாகத் தொங்கியது. வலது பட்டனை நானே பிய்த்து க்ளோக்கைத் தூக்கி எறிந்துவிட்டு சண்டையைத் தொடர்ந்தேன். விசில் சத்தம் வந்தது. முடிந்ததும் ஒரு ஜூனியர் வந்து, "அண்ணா, க்ளோக்கைக் கழட்டி எறியுற சீன் செம, ஸ்கிரிப்ட்லயே இருந்துச்சா?" என்று கேட்டான்.

"இருந்துச்சுடா, ஸ்பிரிங் பேலன்ஸ் வச்சு எழுதின ஸ்கிரிப்ட்" என்றேன்.

இந்த வருஷமும் கல்ச்சுரல்ஸ் வருகிறது. ராஜா, தளபதி, சூப்பர் ஹீரோ, டிராகுலா என்று யாராவது ஒருத்தர் கழுத்தில் போர்வை கட்டத்தான் போகிறார். அவர் கட்டும் முடிச்சைப் போய் ஒரு தடவை பாருங்கள். கழுத்தில் இருந்தால் அவிழ்த்துத் தோளுக்கு மாற்றச் சொல்லுங்கள். நாலு பட்டன், ஒரு மணி நேரத் தையல், அவ்வளவுதான் வேலை.